செவிக்குப் புலப்படும் திரை

கணினித் திரையில் தலைப்பு, பத்தி, பட்டியல், பொத்தான் ஆகியவற்றைக் கண் ஒரே நோக்கில் பிரித்தறிகிறது. பார்வையற்றவரோ திரையிலுள்ளதை உரக்கப் படித்துக்காட்டும் மென்பொருளாகிய திரைபடிப்பானின் உதவியால் அவற்றை ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டே அறிய வேண்டியுள்ளது. எழுத்தின் அளவும் இடமும் உணர்த்துவதை எல்லாம் சொற்களாலேயே விவரிக்கப் புகுந்தால் கேட்பவரின் பொழுதுதான் வீணாகும் என்பதால், அப்பணியைப் பேச்சல்லாத ஒலிகளிடம் ஒப்படைக்கும் முயற்சிகள் 1980களில் வலுப்பெற்றன.

அக்காலத்தில் ஆப்பிள் நிறுவனத்தில் வில்லியம் கேவர் உருவாக்கிய 'சோனிக்ஃபைண்டர்' மென்பொருள் அன்றாட உலகின் ஓசைகளையே குறிகளாகக் கொண்டது. கோப்பொன்றைத் தேர்ந்தெடுத்தால் அதைத் தட்டிப்பார்த்தது போன்ற ஓசை எழும். கோப்பு பெரிதாயின் அவ்வோசை கனத்து ஒலிக்கும். நகலெடுக்கையில் பாத்திரத்தில் நீர் ஊற்றும் ஓசை கேட்கும். நிறைய நிறையச் சுருதி ஏறுவதால், பணி எந்த அளவில் உள்ளது என்பதைக் குழாயடியில் குடம் பிடித்துப் பழகிய எவரும் திரையைப் பாராமலே சொல்லிவிடுவர். இயற்கையில் ஓசையே இல்லாத செயல்களுக்குச் சிறு இசைத்துணுக்குகளை வகுக்கும் முறையை மீரா பிளாட்னரும் உடன் ஆய்ந்தோரும் 1989இல் விளக்கினர். ஆனால் அவற்றை மனப்பாடம் செய்தாக வேண்டும்.

பேசும் குரலையே மாற்றிப் பொருளுணர்த்தலாம் என்பதைக் காட்டியவர், பதின்ம வயதில் பார்வையிழந்த டி.வி. ராமன். 'இரண்டின் அடுக்கு எக்ஸ் கூட்டல் ஒன்று' என்று வாசித்தால், அந்த ஒன்று அடுக்கினுள் உள்ளதா, வெளியே உள்ளதா என்பது விளங்காது. கார்னெல் பல்கலைக்கழகத்தில் 1994இல் முனைவர் பட்டத்துக்காக அவர் அமைத்த 'ஆஸ்டர்' மென்பொருள் அடுக்குப் பகுதியை உயர்ந்த சுருதியில் வாசித்ததால், விளக்கச் சொல் ஏதுமின்றியே ஐயம் நீங்கியது. அடுத்து அவர் வெளியிட்ட 'ஈமேக்ஸ்பீக்', நிரலின் கட்டளைகளையும் குறிப்புரைகளையும் வெவ்வேறு குரல்களில் படித்தது.

ஐஃபோனில் 2009 முதல் உள்ள 'வாய்ஸ்ஓவர்' திரைபடிப்பான் பேச்சோடு சிற்றொலிகளையும் சேர்த்தே பயன்படுத்துகிறது. ஆயினும் பொத்தானுக்குப் பெயரே இடாத செயலிகளில் 'பொத்தான், பொத்தான்' என்பது மட்டுமே காதில் விழுகிறது. அக்குறையை எந்த ஒலி நுட்பமும் ஈடுசெய்யாது என்பதால், செயலி வடிவமைப்போர் முதலில் பெயரிடும் அந்தச் சிறுபணியைச் செய்து முடிக்க வேண்டும்.