தும்பாவின் தூசிக் கணக்கு

தும்பா என்றால் ராக்கெட்தான் நினைவுக்கு வரும். 1963 நவம்பர் 21 அன்று இந்திய மண்ணிலிருந்து முதல் ராக்கெட் கிளம்பியது திருவனந்தபுரத்தை ஒட்டிய இந்த மீனவர் கிராமத்தில்தான். அதே தும்பாவில், விக்ரம் சாராபாய் விண்வெளி மையத்தைச் சேர்ந்த விண்வெளி இயற்பியல் ஆய்வுக்கூடம் சத்தமில்லாமல் இன்னொரு வேலையையும் செய்து வருகிறது. காற்றில் மிதக்கும் தூசியை அளக்கும் வேலை.

முறை எளிமையானது. வானம் தெளிவாக இருக்கும் நாட்களில் சூரிய ஒளியைப் பத்து அலைநீளங்களில் ஒரு கருவி அளக்கிறது. ஒளி எந்த அளவுக்குக் குறைந்து வந்து சேர்கிறதோ, அதை வைத்து வழியில் மறித்த துகள்களைக் கணக்கிடுகிறார்கள். 1980களில் இங்கு உருவான இந்தக் கருவி பிறகு நாட்டின் பல ஊர்களுக்கும் சென்றது.

தூசிக்கும் பருவநிலைக்கும் என்ன சம்பந்தம்? நிலக்கரிப் புகையிலிருந்து உருவாகும் சல்பேட் துகள்கள் வெயிலைத் திருப்பி அனுப்பி பூமியைக் குளிர்விக்கின்றன. விறகு அடுப்பும் டீசல் வண்டியும் கக்கும் கரித்துகளோ வெயிலை விழுங்கிக் காற்றைச் சூடாக்குகிறது.

சென்னையில் பிறந்த விஞ்ஞானி வி. ராமநாதன் முன்னின்று நடத்திய 'இண்டோயெக்ஸ்' ஆய்வு, இந்தப் புகைமூட்டம் இந்தியப் பெருங்கடல் மீதும் பரவிக் கிடப்பதை 1999இல் காட்டியது. 2002இல் ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பு அதற்கு 'ஆசியப் பழுப்பு மேகம்' என்று பெயரிட்டபோது சர்ச்சை வெடித்தது. சில மாத மூட்டத்தை வைத்துப் பருவமழை பற்றி முடிவு கட்டலாமா என்று கேட்டார்கள் பெங்களூர் விஞ்ஞானிகள் ஜே. சீனிவாசனும் சுலோசனா காட்கிலும்.

இத்தகைய வாதங்களில் கை கொடுப்பது பல்லாண்டுக் கணக்குதான். தும்பாவின் எஸ். சுரேஷ் பாபு, கே. கிருஷ்ணமூர்த்தி உள்ளிட்டோர் 2013இல் அதை வெளியிட்டனர். 1985இன் அளவோடு ஒப்பிட்டால், இந்தியா மீது துகள்கள் ஒளியை மறைப்பது ஆண்டுக்குச் சராசரியாக 2.3 சதவீதம் கூடியிருந்தது. கடைசிப் பத்தாண்டில் அந்த வேகம் சுமார் 4 சதவீதம்.

ஒரு நல்ல செய்தியும் உண்டு. கரியமில வாயு காற்றில் நூற்றாண்டுக் கணக்கில் தங்கும். தாழ்வான காற்றில் மிதக்கும் துகள்களோ ஒன்றிரண்டு வாரங்களில் மழையோடு இறங்கிவிடும். எனவே அடுப்புப் புகையை ஒழித்தால் பலன் சீக்கிரமே தெரியும். ஆனால் சல்பேட் குறையும்போது, அது இதுவரை மறைத்து வைத்திருந்த வெப்பமும் வெளியே வரும். நுரையீரலைக் காப்பாற்றக் காற்றைச் சுத்தம் செய்தே ஆகவேண்டும். கூடவே கரியமில வாயுவையும் குறைக்காவிட்டால், தெளிந்த வானத்தின் கீழ் கூடுதல் வெயிலில் நிற்க வேண்டியிருக்கும்.