நஞ்சற்ற உணவும் நமது கடமையும்

 

அண்ணல் நபி (ஸல்) அவர்கள் ஒருமுறை கடைத்தெரு வழியே சென்றார்கள். விற்பனைக்காகக் குவிக்கப்பட்டிருந்த தானியத்தைக் கண்டு, தம் திருக்கரத்தை அதனுள் நுழைத்தார்கள். விரல்களில் ஈரம் தட்டுப்பட்டது. வணிகரிடம் வினவியபோது, மழையில் நனைந்துவிட்டதாக அவர் கூறினார். நனைந்ததை மக்கள் காணும்படி மேலே வைத்திருக்கலாகாதா என்று கேட்ட நபியவர்கள், ஏமாற்றுபவர் தம்மைச் சேர்ந்தவரல்லர் என்னும் கருத்துப்பட எச்சரித்தார்கள். ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ள நிகழ்ச்சி இது.

மதரஸாவில் இந்நபிமொழியைப் பாடம் நடத்திய ஒரு நாளில், விவசாயக் குடும்பத்து மாணவன் ஒருவன் எழுந்து நின்றான். "ஹஜ்ரத், எங்கள் வீட்டுச் சமையலுக்கென்று கிணற்றடியில் தனிப் பாத்தி இருக்கிறது. அதற்கு மருந்து அடிப்பதில்லை. சந்தைக்குப் போகும் தோட்டத்துக்கு மட்டும்தான் அடிக்கிறோம். இதுவும் அந்த ஈரத்தைப் போன்றதா?" என்று கேட்டான். வகுப்பு அமைதியாயிற்று. எனக்கும் உடனே விடை வரவில்லை. அன்று அவன் எழுப்பிய வினாவையே இன்று உங்கள் முன் வைக்கிறேன்.

ஹலால் மட்டும் போதுமா?

உண்ணும் இறைச்சி முறைப்படி அறுக்கப்பட்டதா என்று விசாரிக்கிறோம். அது நமது மார்க்கக் கடமை. ஆனால், திருமறை உணவைப் பற்றிப் பேசும்போது 'ஹலால்' என்பதோடு 'தய்யிப்' என்னும் சொல்லையும் சேர்த்தே கூறுகிறது. தூய்மையானது, நலம் தருவது என்பது அதன் பொருள். முதற்சொல்லைப் பற்றிக்கொண்ட நாம் இரண்டாவதை மறந்துவிட்டோமோ என்று அஞ்ச வேண்டியுள்ளது.

மருந்து என்னும் பெயரில் நஞ்சு

பயிருக்கு அடிக்கும் நஞ்சை நாம் 'மருந்து' என்றே அழைத்துப் பழகிவிட்டோம். இப்பெயரே நம்மை ஏமாற்றுகிறது. டி.டி.டி.யின் பூச்சிகொல்லும் ஆற்றலை 1939இல் கண்டறிந்த பால் முல்லருக்கு 1948இல் நோபல் பரிசு கிடைத்தது. கொசுவையும் பேனையும் ஒழித்து, மலேரியாவிலிருந்தும் டைபஸ் காய்ச்சலிலிருந்தும் பல உயிர்களைக் காத்த பொருள் அது. அந்த நன்மையை மறுப்பதற்கில்லை. ஆனால், அது எளிதில் சிதைவதில்லை. மண்ணில் தங்கி, நீரில் கலந்து, மீனுக்கும் மீனை உண்ணும் பறவைக்கும் சென்று, படிக்குப் படி செறிவு கூடுகிறது. அமெரிக்க அறிவியல் எழுத்தாளர் ரேச்சல் கார்சன் 1962இல் 'மௌன வசந்தம்' என்னும் பொருள்தரும் நூலின் வாயிலாக இதை உலகுக்கு உணர்த்தினார். அமெரிக்கா 1972இல் டி.டி.டி.யைத் தடை செய்தது. இந்தியாவில் 1989இல் விவசாயப் பயன்பாட்டிலிருந்து அது விலக்கப்பட்டது.

இத்தகைய நஞ்சு மனித உடலின் கொழுப்பில் தங்குகிறது, தாய்ப்பாலிலும் வெளிப்படுகிறது. இதைக் கேட்டு எந்தத் தாயும் பாலூட்டுவதை நிறுத்திவிட வேண்டாம். சிசுவுக்கு அதைவிடச் சிறந்த உணவு இல்லையென்றே மருத்துவர்கள் கூறுகின்றனர். ஈராண்டுகள் பாலூட்டுவதை இறைமறை எடுத்துரைக்கும் அந்த அமுதத்திலும் நஞ்சைக் கலந்த குற்றம் தாயுடையதன்று, சமூகத்தினுடையது.

இன்னொரு வகை நஞ்சுகள் விரைவில் சிதைந்துவிடும், ஆயினும் கொடியவை. மோனோகுரோட்டோபாஸ் போன்றவை நரம்புகளின் இயக்கத்துக்கு இன்றியமையாத நொதியொன்றை முடக்குகின்றன. வாயில் நீர் வழியும், கண்மணி சுருங்கும், வியர்வை பெருகும், மூச்சு திணறும். பூச்சியைக் கொல்லும் வழியும் இதுவே, மனிதனைக் கொல்லும் வழியும் இதுவே.

காசர்கோட்டின் கண்ணீர்

கேரளத்தின் வடகோடியில் உள்ளது காசர்கோடு மாவட்டம். அங்கே குன்றுகளின் மேல் அரசு நிறுவனமொன்றின் முந்திரித் தோட்டங்கள். சரிவுகளிலும் பள்ளத்தாக்குகளிலும் குடியிருப்புகள். மலையைக் குடைந்து கிடைமட்டமாக வெட்டப்படும் 'சுரங்கம்' என்னும் ஊற்றுக்கிணறுகளே பல வீடுகளுக்குக் குடிநீர். முந்திரியின் தளிரையும் பூவையும் தாக்கும் பூச்சியை ஒழிக்க, 1970களின் பிற்பகுதியிலிருந்து 2000ஆம் ஆண்டு வரை, ஹெலிகாப்டர் மூலம் எண்டோசல்பான் தெளிக்கப்பட்டது. மேலிருந்து விழும் நஞ்சுக்குத் தோட்டத்தின் வேலி எது, வீட்டின் முற்றம் எது என்று தெரியுமா?

மூளை வளர்ச்சி குன்றிய குழந்தைகள், வலிப்பு நோயாளிகள், பிறவியிலேயே உறுப்புக் குறைபாடு உடையோர் என வீட்டுக்கு வீடு துயரம் பெருகிற்று. வேளாண் துறையில் பணியாற்றிய லீலாகுமாரி அம்மா என்னும் பெண்மணி, 1998இல் நீதிமன்றப் படியேறினார். அகமதாபாத்தில் உள்ள தேசியத் தொழில்சார் நலவாழ்வு நிறுவனம் பாத்ரே கிராமத்துக் குழந்தைகளை ஆராய்ந்து, அவர்களது இரத்தத்தில் எண்டோசல்பான் எச்சம் இருப்பதைக் கண்டது. எல்லா நோய்களுக்கும் அதுவே காரணமா என்ற விவாதம் ஆண்டுக்கணக்கில் நீண்டது. இறுதியில் 2011 ஏப்ரலில், ஸ்டாக்ஹோம் ஒப்பந்த நாடுகள் அதை உலகளவில் ஒழிக்க வேண்டிய பட்டியலில் சேர்க்க இசைந்தன. அவ்வாண்டு மே 13ஆம் நாள் நமது உச்ச நீதிமன்றம் அதன் உற்பத்தி, விற்பனை, பயன்பாடு அனைத்துக்கும் தடை விதித்தது. பாதிக்கப்பட்டோருக்குத் தலா 5 லட்சம் ரூபாய் வழங்குமாறு 2017 ஜனவரியில் கேரள அரசுக்கு ஆணையிட்டது. பணம் கிடைத்தாலும், படுக்கையைவிட்டு எழ இயலாத மகனுக்கு முதுமையிலும் சோறூட்டும் தாயின் கண்ணீரை அது துடைத்துவிடுமா?

அடுக்களைக்குள் வந்த ஆபத்து

2013 ஜூலை 16 அன்று பீகாரின் சாரண் மாவட்டத்துக் கிராமப் பள்ளியொன்றில் மதிய உணவு உண்ட 23 பிள்ளைகள் மாண்டனர். உணவில் மோனோகுரோட்டோபாஸ் கலந்திருந்தது ஆய்வில் தெரிந்தது. நஞ்சு இருந்த கலத்துக்கும் சமையல் எண்ணெய்க்கும் இடையே வேற்றுமை தெரியாமற் போனால் விளைவு இதுதான். எனவே, இல்லத்தரசிகள் இவற்றைக் கவனத்திற் கொள்க:

பூச்சிக்கொல்லி இருந்த டப்பாவை எவ்வளவு கழுவினாலும் எண்ணெய்க்கோ தண்ணீருக்கோ பயன்படுத்தலாகாது. நஞ்சைக் குளிர்பானப் புட்டியில் ஊற்றி வைப்பதும் ஆகாது. டப்பாவின் மீதுள்ள முக்கோணத்தைப் பாருங்கள். சிவப்பு மிகக் கொடிய நஞ்சு. அடுத்து மஞ்சள், பிறகு நீலம், இறுதியாகப் பச்சை. பச்சை என்பதால் பாலன்று, அதுவும் நஞ்சே.

காய்கனிகளையும் கீரை, புதினா, மல்லியையும் ஓடும் நீரில் நன்கு தேய்த்து அலசுங்கள். மேற்பரப்பில் உள்ளது பெருமளவு நீங்கும். செடியின் உள்ளே ஊடுருவியது நீங்காது. குழந்தைகளின் துணிகளுக்கிடையே அந்துருண்டை வைக்காதீர்கள். சில குழந்தைகளுக்குப் பிறவியிலேயே உள்ள நொதிக் குறைபாட்டினால், அதன் ஆவி இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைத்துவிடும். கதவு சன்னல்களை அடைத்துவிட்டுக் கொசுவர்த்திச் சுருள் ஏற்றுவதைவிட, வலை கட்டிக்கொள்வது மேல்.

தவறி யாரேனும் நஞ்சை உட்கொண்டால், உப்புநீர் புகட்டி வாந்தியெடுக்கச் செய்யாதீர்கள். உடலில் பட்டிருந்தால் உடையைக் களைந்து, சோப்பு நீரால் கழுவி, நஞ்சுப் புட்டியையும் கையோடு எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்கு விரையுங்கள்.

யார் குற்றவாளி?

மாணவனின் வினாவுக்குத் திரும்புவோம். "உன் தந்தையை மட்டும் குறை கூறாதே" என்று மறுநாள் அவனிடம் சொன்னேன். சந்தையில் சொத்தைக் கத்திரிக்காயைக் கண்டால் முகம் சுளித்து ஒதுக்குபவர் யார்? மாசு மருவற்ற, பளபளக்கும் காய்தான் வேண்டுமென்று பொறுக்குபவர் யார்? நாம்தானே! வாங்குவோர் ஒதுக்குவதை வியாபாரி கழிக்கிறார். வியாபாரி கழித்தால் கடன்பட்டு விதைத்த விவசாயி என் செய்வார்? அந்த நஞ்சை முதலில் சுவாசிப்பவரும் அவரே. 2017இல் மகாராஷ்டிரத்தின் யவத்மால் மாவட்டத்தில், பருத்திக்கு நஞ்சு தெளித்த 20க்கும் மேற்பட்ட விவசாயிகளும் கூலியாட்களும் உயிரிழந்தனர்.

ஆயினும், உண்மையை மறைக்கலாகாது. "நீ கேட்டது சரியே; அதுவும் அந்த ஈரந்தான்" என்றும் சொன்னேன். தனக்கு விரும்புவதைத் தன் சகோதரனுக்கும் விரும்புவது ஈமானின் நிறைவு என்று நபியவர்கள் போதித்திருக்க, தன் பிள்ளைக்கு ஒரு பாத்தியும் பிறர் பிள்ளைக்கு ஒரு பாத்தியும் எப்படித் தகும்? முற்றாக இன்றே விட இயலாவிடினும், தெளித்த நாளுக்கும் பறிக்கும் நாளுக்கும் இடையே டப்பாவில் குறித்துள்ள இடைவெளியையாவது காக்கலாம். காலையில் தெளித்து மாலையில் பறிப்பது பாவமன்றி வேறென்ன? வேப்பங்கொட்டைக் கரைசல், விளக்குப்பொறி, பயிர் மாற்றம் என நம் மண்ணுக்குப் பழகிய வழிகளை ஒரு பாத்தியிலாவது சோதித்துப் பார்க்கலாம்.

வாங்குவோராகிய நாமும், சிறு துளையுள்ள காயை வெட்டி நீக்கிவிட்டுச் சமைக்கப் பழகுவோம். பூமியில் குழப்பம் விளைவிக்காதீர்கள் என்ற இறைக்கட்டளை, வாளேந்தியவருக்கு மட்டும் உரியதன்று. தெளிப்பான் ஏந்தியவருக்கும், கூடை ஏந்திச் சந்தைக்குச் செல்பவருக்கும் உரியது. மண்ணும் நீரும் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். அதைக் கெடுக்காமல் நம் மக்களிடம் சேர்க்கும் நற்பேற்றை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் வழங்குவானாக! ஆமீன்.