பழைய வண்டி: மீட்பதா, மாற்றுவதா?

சுவிட்சர்லாந்தும் இத்தாலியும் பங்கிட்டுக்கொள்ளும் பெரிய ஏரி ஒன்று உண்டு. அதன் பெயர் மஜோரே. அந்த ஏரியில், சுமார் 53 மீட்டர் ஆழத்தில், ஒரு புகாட்டி மகிழுந்து எழுபது ஆண்டுகளுக்கு மேல் மூழ்கிக் கிடந்தது. அது 1925 ஆம் ஆண்டில் பிரான்சில் செய்யப்பட்டது. சுங்கவரி செலுத்தப்படாமையால் அதிகாரிகள் அதனை ஏரியில் இறக்கிவிட்டனர் என்பது அங்கு வழங்கும் செய்தி. 1967 இல் முக்குளிப்பவர் ஒருவர் அதனைக் கண்டறிந்தார். வன்முறைக்குப் பலியான உள்ளூர் இளைஞர் ஒருவரின் பெயரால் அமைந்த அறக்கட்டளைக்கு நிதி திரட்டும் பொருட்டு, 2009 இல் முக்குளிப்போர் கூடி அதனைக் கரையேற்றினர். அடுத்த ஆண்டு பாரிசில் நடந்த ஏலத்தில் அது 2,60,500 யூரோவுக்கு விலைபோனது.

வாங்கியவர் கலிஃபோர்னியாவில் மகிழுந்து அருங்காட்சியகம் நடத்தியவர். அவர் அதனைச் செப்பனிடவில்லை. துரு தின்ற தகடுகளோடு அப்படியே காட்சிக்கு வைத்தார். ஓடாத வண்டிக்கு இவ்வளவு பணமா என்று வியப்போர் உண்டு. ஆனால் அதைப் புதுப்பித்திருந்தால் வண்டியின் பெரும்பகுதி புதிய உலோகமாக மாறியிருக்கும். ஏரியின் கதையைச் சொல்ல அதில் ஒன்றும் எஞ்சியிராது.

எல்லா வண்டிக்கும் இந்த வழி பொருந்தாது. பழைய வண்டி ஒன்றைப் பெற்றவர் முன் மூன்று வழிகள் உள்ளன. இருக்கும் நிலையிலேயே மேலும் கெடாமல் காப்பது ஒன்று. தொழிற்சாலையிலிருந்து வெளிவந்த நாளில் எப்படி இருந்ததோ அந்த நிலைக்கு மீட்பது மற்றொன்று. இன்றைய சாலைக்கும் தம் விருப்பத்துக்கும் ஏற்ப மாற்றி அமைப்பது மூன்றாவது. எதைத் தெரிந்தெடுப்பது என்பதில் ஒரே வீட்டில்கூட இருவர் உடன்படுவது அரிது. தந்தை மீட்க விரும்புவார். மகன் அதை நாள்தோறும் ஓட்ட விரும்புவான்.

ஃபோர்டு நிறுவனத்தின் மாடல் டி வண்டியை எடுத்துக்கொண்டால் இந்தச் சிக்கல் தெளிவாக விளங்கும். 1908 முதல் 1927 வரை ஒன்றரைக் கோடிக்கு மேற்பட்ட மாடல் டி வண்டிகள் செய்யப்பட்டன. அதன் எஞ்சின் ஆற்றல் 20 குதிரைத்திறன் மட்டுமே. இன்று கார் ஓட்டப் பழகியவர் இதில் ஏறி அமர்ந்தால் திகைத்துப்போவார். தரையில் மூன்று மிதிகள் இருக்கும். அவற்றுள் ஒன்றுகூட வேகத்தைக் கூட்டுவது அன்று. இடப்பக்க மிதி கியர் மாற்றுவதற்கு, நடுவில் இருப்பது வண்டியைப் பின்னோக்கிச் செலுத்துவதற்கு, வலப்பக்க மிதி பிரேக்குக்கு. வேகத்தைக் கூட்டும் நெம்புகோல் ஸ்டியரிங்கின் கீழே கைக்கு எட்டும் இடத்தில் உள்ளது. முன்சக்கரங்களுக்குப் பிரேக்கே கிடையாது. மிதிபிரேக் சக்கரத்தைப் பிடிப்பதில்லை. கியர் பெட்டிக்குள் சுழலும் உருளையைத்தான் பிடிக்கிறது.

இங்கேதான் 'அசல்' என்னும் சொல்லை எண்ணிப் பார்க்க வேண்டியுள்ளது. மாடல் டியின் பின் அச்சுக்குள், பற்சக்கரங்களை அவற்றின் இடத்தில் நிறுத்தும் வளையங்கள் உண்டு. அவை பாபிட் எனப்படும் மென்மையான உலோகக் கலவையால் ஆனவை. பல்லாண்டு ஆனபின் அவை நொறுங்கி உதிர்கின்றன. உதிர்ந்துவிட்டால் பற்சக்கரங்கள் ஒன்றோடொன்று பொருந்தாமல் விலகிவிடும். கியர் பெட்டிக்கும் சக்கரத்துக்கும் உள்ள தொடர்பு அற்றுப்போகும். அப்போது மிதிபிரேக்கை எவ்வளவு அழுத்தினாலும் வண்டி நிற்காது. வண்டியை நிறுத்தி வைப்பதற்கென உள்ள கைபிரேக்கை நம்பித்தான் உயிர் பிழைக்க வேண்டும். எனவே இந்த வண்டியை ஓட்டக் கருதுவோர், பாபிட் வளையங்களை அகற்றிவிட்டு வெண்கல வளையங்களைப் பொருத்துகின்றனர். இந்த மாற்றம் வெளியே தெரியாது. வண்டியின் தோற்றமும் இயல்பும் அப்படியே இருக்கும். இதனையும் கூடாது என்று தடுப்பது பிடிவாதமே அன்றிப் பற்று ஆகாது.

பின்சக்கரங்களின் மேல் கூடுதல் பிரேக் பட்டைகளைப் பொருத்துவதும் இத்தகையதே. அந்த வண்டிகள் ஓடிய காலத்திலேயே இவ்வகைத் துணைக்கருவிகள் கடைகளில் விற்கப்பட்டன. வேண்டாதபோது கழற்றிவிடலாம், வண்டியில் வெட்டோ துளையோ மிஞ்சாது.

புதிய, பெரிய எஞ்சினைப் பொருத்துவதற்காகச் சேசிஸை அறுப்பது வேறு செயல். அறுத்ததை முன்போல் ஆக்க முடியாது. பழைய பெயிண்டைச் சுரண்டுவதும் அவ்வாறே. பார்வைக்கு மங்கிக் கிடக்கும் அந்தப் பூச்சின் அடுக்குகளில்தான், வண்டி முதலில் என்ன நிறமாக இருந்தது, எத்தனை முறை பூசப்பட்டது, எந்தப் பக்கம் மோதிச் சீர் செய்யப்பட்டது என்பன பதிந்துள்ளன. பளபளப்பாக மீட்கப்பட்ட பல வண்டிகள், அவை பிறந்த நாளில் இருந்ததைவிட மிகுதியாக மின்னுகின்றன. அதனையும் ஒருவகை மாற்றம் என்றே சொல்ல வேண்டும்.

மாற்றியவர் அனைவரும் பிழை செய்தவர் என்று கூறிவிடவும் இயலாது. 1930களிலும் 1940களிலும் கலிஃபோர்னியாவின் இளைஞர்கள், குறைந்த விலைக்குக் கிடைத்த பழைய ஃபோர்டு வண்டிகளின் மட்கார்டுகளைக் கழற்றி எறிந்து, எஞ்சினை வலுவாக்கி, வறண்ட ஏரிப்படுகைகளில் பந்தயம் ஓட்டினர். 'ஹாட் ராட்' எனப்பட்ட அந்த வண்டிகளே இன்று வரலாற்றுப் பொருள்களாகிவிட்டன. அவற்றுள் ஒன்றைப் பிடித்து மீண்டும் தொழிற்சாலை வடிவுக்குக் கொண்டுவருவாரானால், அவர் ஒரு வரலாற்றைக் காக்க மற்றொன்றை அழிப்பவர் ஆவார்.

இந்தியாவில் இந்த முடிவு சட்டத்தோடும் தொடர்புடையது. 2021 இல் நடுவண் அரசு பழம்பெரும் வண்டிகளுக்கெனத் தனி விதிகளை வெளியிட்டது. அவற்றின்படி, 50 ஆண்டுகளைக் கடந்த இருசக்கர, நான்கு சக்கர வண்டிகள் 'விண்டேஜ்' எனப் பதிவு பெறலாம். ஆனால் அவை அசல் வடிவில் இருத்தல் வேண்டும். சேசிஸ், உடற்கூடு, எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் செய்யப்பட்டிருத்தல் கூடாது. புதிய பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய். பதிவு 10 ஆண்டுகளுக்குச் செல்லும். பின்னர் 5,000 ரூபாய் செலுத்திப் புதுப்பிக்கலாம். எண் பலகையில் மாநிலக் குறியீட்டை அடுத்து 'வி ஏ' என்னும் ஆங்கில எழுத்துகள் இடம்பெறும். இத்தகைய வண்டியை அன்றாடப் போக்குவரத்துக்கோ வணிகத்துக்கோ பயன்படுத்த இயலாது. அணிவகுப்பு, கண்காட்சி, தொழில்நுட்ப ஆய்வு, பழுதுபார்ப்பு, எரிபொருள் நிரப்புதல் போன்றவற்றுக்கே சாலையில் இறக்கலாம். எனவே நாள்தோறும் ஓட்டும் ஆசையில் சேசிஸை அறுத்து எஞ்சினை மாற்றிய மகன், தந்தை பெற விரும்பிய பதிவையும் இழக்கச் செய்கிறான்.

அனுபவம் மிக்க மெக்கானிக்குகள் முதல் நாளில் ஸ்பேனரைக் கையில் எடுப்பதில்லை. வண்டியைச் சுற்றி வந்து, எல்லாக் கோணங்களிலும் படம் எடுக்கின்றனர். எஞ்சின் எண்ணையும் சேசிஸ் எண்ணையும் குறித்துக்கொள்கின்றனர். அதன்பின்னரே ஒவ்வோர் உறுப்பாகக் கழற்றுகின்றனர். கழற்றிய உறுப்பு உடைந்ததாயினும் எறிவதில்லை. அது எந்த இடத்தில் இருந்தது, எந்த நாளில் கழற்றப்பட்டது என்று எழுதிய சீட்டைக் கட்டி, ஒரு பெட்டியில் இட்டு வைக்கின்றனர். வண்டி கைமாறும்போது அந்தப் பெட்டியும் உடன் செல்கிறது.