வாணிப அமைச்சர் வருகிறார்

வெளிநாட்டு வாணிப அமைச்சர் ஒருவர் கோலாலம்பூருக்கு வந்தார், நம் நாட்டு வணிகர்களுடன் வட்டமேசைக் கூட்டத்தில் கலந்துகொண்டார், திரும்பிச் சென்றார் என்று செய்தியில் கேட்கிறோம். பெரிய மனிதர்கள் கூடிப் பேசுகிறார்கள், நமக்கென்ன என்று வானொலியின் குமிழைத் திருப்பிவிடுவதும் உண்டு. விடியுமுன் பிரட்டுக்குப் போய், குலை வெட்டி, உதிரிப் பழம் பொறுக்கித் திரும்பும் குடும்பத்துக்கும் அந்த மேசைக்கும் என்ன தொடர்பு என்பதையே இன்று பார்க்கப் போகிறோம்.

வட்டமேசை என்று பெயரே தவிர, மேசை பெரும்பாலும் வட்டமாக இருப்பதில்லை. நீண்ட மேசைதான். நடுவில் நம் அமைச்சர், எதிரே விருந்தினர், இருபுறமும் அதிகாரிகள், அவர்களை அடுத்து வணிகர்கள். ஒருவர் பேச மற்றவர் கேட்டுவிட்டுப் போவதில்லை, எல்லாரும் வாய் திறக்கலாம் என்பதே அந்தப் பெயரின் பொருள்.

கூட்டம் இரண்டு மணி நேரம் நடக்குமானால், அதற்கான வேலை பல வாரங்களுக்கு முன்பே தொடங்கிவிடும். யாரை அழைப்பது, யாரை யாருக்குப் பக்கத்தில் அமர்த்துவது, சைவ உணவா, ஹலால் உணவா என்பவையெல்லாம் உபசரிப்பைச் சேர்ந்தவை. அவற்றில் குறை வந்தால் மனம் சுளிக்கும், வாணிபம் நின்றுவிடாது. முக்கியமானது அமைச்சரின் கையில் கொடுக்கப்படும் குறிப்புத்தாள். சென்ற ஆண்டு அவர்கள் நம்மிடம் எவ்வளவு வாங்கினார்கள், எந்தப் பொருளுக்கு என்ன வரி, நம்மவர் குறை என்ன, அவர்கள் நம்மிடம் என்ன கேட்கக்கூடும் என்பதெல்லாம் அதில் இருக்கும். அந்தத் தாளில் ஏறாத விஷயம் மேசைக்கு வருவது அரிது.

கூட்டம் தொடங்கியதும் படம் பிடிப்பவர்கள் உள்ளே வருவார்கள். வரவேற்புரை, நட்புரை எல்லாம் அப்போதுதான். அவர்கள் வெளியேறிக் கதவு சாத்தப்பட்ட பிறகே உண்மையான பேச்சு ஆரம்பமாகும். வணிகர் ஒவ்வொருவருக்கும் இரண்டு மூன்று நிமிடம்தான் கிடைக்கும். “வாணிபம் பெருக வேண்டும்” என்று சொல்பவரின் நிமிடம் வீணாகிறது. “எங்கள் எண்ணெய்க் கப்பல் இந்தத் துறைமுகத்தில் இந்தப் பத்திரத்துக்காக இத்தனை நாள் காத்துக் கிடக்கிறது” என்று சொல்பவரின் பேச்சை அதிகாரி எழுதிக்கொள்கிறார். வந்த அமைச்சர் அங்கேயே எதற்கும் ஒப்புதல் தந்துவிட மாட்டார், “கவனிக்கிறோம்” என்பார். ஊர் திரும்பிய பின் அந்த எழுத்துதான் வேலை செய்யும்.

இனி நமக்கு நெருக்கமான ஒன்றைப் பார்ப்போம். 2011 பிப்ரவரி 18ஆம் நாள் இந்திய வாணிப அமைச்சர் ஆனந்த் சர்மாவும் நம் அனைத்துலக வாணிப, தொழிலியல் அமைச்சர் முஸ்தபா முகமதுவும் கோலாலம்பூரில் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். மலேசிய-இந்திய விரிவான பொருளாதார ஒத்துழைப்பு ஒப்பந்தம் என்பது அதன் பெயர். அவ்வாண்டு ஜூலை முதல் நாள் அது நடைமுறைக்கு வந்தது. அதன்படி நம் செம்பனை எண்ணெய்க்கு இந்தியா போடும் வரி படிப்படியாகக் குறைய வேண்டும். 2019 ஜனவரியில் அதன் பலன் நன்றாகத் தெரிந்தது. மலேசியாவின் சுத்திகரித்த எண்ணெய்க்கு வரி 45 விழுக்காடு, இந்தோனேசிய எண்ணெய்க்கோ 50 விழுக்காடு.

ஐந்து விழுக்காடு பெரிதா என்று கேட்கலாம். ஒரு டன் எண்ணெய் 2,000 வெள்ளி என்று வைத்துக்கொண்டால் அது 100 வெள்ளி. நூறு கிலோ குலையிலிருந்து ஏறக்குறைய இருபது கிலோ எண்ணெய் கிடைக்கிறது. ஆகவே எண்ணெய் விலையில் டன்னுக்கு 100 வெள்ளி மாறினால், ஒரு டன் குலையின் விலையில் 20 வெள்ளி மாறும். நான்கைந்து ஏக்கர் சொந்தமாக வைத்துக் குலை விற்பவருக்கு இந்தக் கணக்கை நாம் விளக்க வேண்டியதில்லை. பால்மரக் காட்டில் வேலை செய்த பெரியவர்களும் இதை அறிவார்கள். ரப்பர் விலை ஏறினால் கூலி ஏறும், இறங்கினால் இறங்கும் என்று ஒப்பந்தமே அந்நாளில் இருந்தது.

சலுகை கிடைத்தது, நம் சுத்திகரித்த எண்ணெய் இந்தியாவில் குவிந்தது. ஆனால் வருகிற அமைச்சருக்குப் பின்னாலும் ஒரு கூட்டம் நிற்கிறது என்பதை விருந்தளிப்பவர் மறக்கக்கூடாது. அங்கே கடுகும் சோயாவும் பயிரிடும் விவசாயி விலை வேண்டும் என்கிறார். கச்சா எண்ணெயை வாங்கித் தாமே சுத்திகரிக்கும் ஆலைக்காரர் வேலை வேண்டும் என்கிறார். தீபாவளிப் பலகாரம் சுடும் வீட்டுக்காரி மலிவு வேண்டும் என்கிறார். ஆலைக்காரர்கள் முறையிடவே, 2019 செப்டம்பரில் 180 நாளைக்கு அந்த ஐந்து விழுக்காடு மீண்டும் ஏறிவிட்டது.

அதே மாதம் ஐ.நா. பொதுச் சபையில் பிரதமர் மகாதீர் காஷ்மீர் பற்றிப் பேசினார். டிசம்பரில் இந்தியக் குடியுரிமைச் சட்டத்தைக் குறை கூறினார். தில்லியில் மனக்கசப்பு வளர்ந்தது. 2020 ஜனவரி 8இல் சுத்திகரித்த செம்பனை எண்ணெய் இறக்குமதிக்கு இந்தியா கட்டுப்பாடு விதித்தது. ஆணையில் எந்த நாட்டின் பெயரும் இல்லை. ஆயினும் அடி யார்மேல் விழுந்தது என்பதை எல்லாரும் அறிந்திருந்தார்கள். 2019இல் நம்மிடம் 44 லட்சம் டன் வாங்கி முதலிடத்தில் இருந்த நாடு அது. பேச்சு வார்த்தையோடு நம் தரப்பில் இந்தியச் சர்க்கரையும் அரிசியும் கூடுதலாக வாங்கப்பட்டன. 2020 மே மாதம் கொள்முதல் மீண்டும் தொடங்கியது. ஒரு வாசலில் ஏற்பட்ட பிணக்கை இன்னொரு வாசல் வழியாகத் தீர்ப்பது வாணிபத்தில் பழைய வழக்கம்தான்.

இவ்வளவிலும் ஒருவர் மட்டும் அந்த மேசையில் இல்லை. தோட்டம் வைத்திருப்பவர், ஆலை நடத்துபவர், கப்பலில் ஏற்றுபவர் எல்லாரும் இருக்கிறார்கள். குலை வெட்டியவர் இல்லை. வணிகர் கூட்டத்தில் அவருக்கு ஏன் நாற்காலி என்று சிலர் கேட்பார்கள். நாம் அப்படி நினைக்கவில்லை. 2020இல் மலேசியாவின் இரண்டு பெரிய நிறுவனங்களுடைய செம்பனை எண்ணெயை அமெரிக்கச் சுங்கத்துறை தன் துறைமுகங்களில் தடுத்தது. காரணம் வரியல்ல, விலையுமல்ல. தோட்டங்களில் கட்டாய உழைப்பு நடக்கிறது என்ற குற்றச்சாட்டு. கடப்பிதழைப் பிடுங்கி வைத்தது, சம்பளத்தை நிறுத்தி வைத்தது, குடியிருப்பின் நிலை எல்லாம் அப்போது வாணிபப் பேச்சாகிவிட்டன. நாற்காலி இல்லாதவரின் வாழ்க்கை மேசையின் நடுவே வந்து அமர்ந்துகொண்டது.

ஆகவே அடுத்த முறை ஒரு வாணிப அமைச்சர் வருவதாகச் செய்தி வந்தால், அவர் விமானம் இறங்கும் நாளைப் பார்த்துப் பயனில்லை. குறிப்புத்தாள் எழுதப்படும் வாரங்களைப் பார்க்க வேண்டும். அமைச்சு அப்போது வணிகச் சங்கங்களிடம் கருத்துக் கேட்கிறது. தொழிற்சங்கமும் நாடாளுமன்ற உறுப்பினரும் தாங்களாகவே எழுதி அனுப்பலாம். கிளைக் கூட்டத்தில் பேசும்போது “எங்கள் நிலை மோசம்” என்பதோடு நிறுத்தாமல், எந்தப் பிரிவில், எத்தனை வீடுகளுக்கு, எத்தனை நாளாகத் தண்ணீர் இல்லை என்று எழுதித் தாருங்கள். அதிகாரி எழுதிக்கொள்வது அத்தகைய பேச்சைத்தான்.