ஆடி அசைந்து உட்காருங்கள்

காலையில் எழுந்ததும் சுவரை ஒட்டி நின்று, தலைமட்டத்தில் பென்சிலால் ஒரு கோடு போடுங்கள். இரவு படுக்கப் போகும்முன் அதே இடத்தில் இன்னொரு கோடு. இரண்டாவது கோடு ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு இறங்கியிருக்கும். அந்த உயரம் எங்கே போயிற்று?

பெரும்பாலும் முதுகெலும்பில் இருக்கும் ஜவ்வுகளில்தான். டாக்டர்கள் ‘டிஸ்க்’ என்பது இதைத்தான். கழுத்து முதல் இடுப்பு வரை எலும்புகளுக்கு நடுவே மொத்தம் 23 டிஸ்க்குகள். ஓரத்தில் வெங்காயம் போல அடுக்கடுக்கான நார் வளையம். நடுவில் நுங்கு போன்ற கூழ். இளவயதில் அந்தக் கூழில் ஐந்தில் நான்கு பங்கு தண்ணீர். பகலெல்லாம் உடல் பாரம் அழுத்த, தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாகப் பிழிந்து வெளியேறுகிறது. இரவு படுத்ததும் திரும்ப ஊறுகிறது.

பெரியவர்களின் டிஸ்க்கில் வெளி விளிம்பைத் தாண்டி உள்ளே ரத்தக்குழாய் கிடையாது. மேலும் கீழும் உள்ள எலும்புகளிலிருந்து மெல்லிய குருத்தெலும்புத் தகடு வழியாகக் கசிந்து வருவதுதான் அதற்குச் சாப்பாடு. ஆக்சிஜன், குளுக்கோஸ் போன்ற சின்ன மூலக்கூறுகள் தாமாகவே ஊறிப் போய்விடும். பெரியவற்றுக்கு இந்தப் பிழிதலும் உறிஞ்சலும் கைகொடுக்கின்றன.

நிற்பதைவிட உட்காருவதே டிஸ்க்கை அதிகம் அழுத்துகிறது என்று 1960களில் ஸ்வீடனின் ஆல்ஃப் நாக்கெம்சன் அளந்து சொன்னார். ஆனால் பிந்தைய அளவீடு வேறு மாதிரி சொன்னது: 1999இல் ஜெர்மனியின் ஊல்ம் நகரில் வில்கே குழுவினர், ஒரு தன்னார்வலரின் கீழ்முதுகு டிஸ்க்குக்குள் சின்ன அழுத்தமானியை வைத்து ஏறக்குறைய ஒரு நாள் முழுக்க அளந்தார்கள். நின்றபோது 0.5 மெகாபாஸ்கல். கார் டயரில் நாம் அடிக்கும் காற்றைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல்! சாயாமல் உட்கார்ந்தபோது 0.46, நாற்காலியில் சரிந்து சாய்ந்தபோது 0.27, படுத்ததும் 0.1. இரவு ஏழு மணி நேரத் தூக்கத்தில் அது 0.24 வரை ஏறியது. டிஸ்க் தண்ணீர் குடித்ததன் அடையாளம் அது.

அளந்தது ஒரே ஒருவரை என்றாலும், நிலையை அடிக்கடி மாற்றிக்கொள்வதுதான் டிஸ்க்குக்குள் நீரோட்டம் நடக்க வழி என்று அந்தக் குழு எழுதியது. உட்காருவதைவிட, ஒரே மாதிரி உட்கார்ந்திருப்பதுதான் வம்பு. நிமிர்ந்தே இருந்தாலும் அப்படித்தான்.

ஆகவே சாயுங்கள், நிமிருங்கள், இடுப்பை அசையுங்கள், போன் வந்தால் எழுந்து நடந்தபடி பேசுங்கள். “ஆடாம அசையாம உட்காரு” என்று பிள்ளைகளை அதட்டுவதையும் விட்டுவிடுவோம். முதுகைப் பொறுத்தவரை, நெளிகிற பிள்ளை செய்வதுதான் சரி.