இடம் தரும் முன்பே எழுதப்படும் கணக்கு

பலர் சேர்ந்து பயன்படுத்தும் லினக்ஸ் சர்வரில், ஒருவருக்கு இவ்வளவு வட்டு இடம்தான் என்று வைக்கும் வரம்புக்குக் கோட்டா என்று பெயர். சில சமயம் இதில் ஒரு புதிர் கிளம்பும். ஒருவருடைய கோப்புகளையெல்லாம் கூட்டினால் ஒரு ஜிபிதான் வருகிறது. கோட்டாவோ இரண்டு ஜிபி என்கிறது. இன்னும் ஒரு வரி எழுதப் போனால் வரம்பு தாண்டிவிட்டது என்று மறுத்துவிடுகிறது. இந்தத் தவறு எங்கே பிறக்கிறது, அதை எப்படிப் பிடிப்பது என்று ஒவ்வோர் அடியாகப் பார்ப்போம்.

முதலில், ஏறக்குறைய எல்லோரும் கொண்டிருக்கும் ஓர் எண்ணத்தைச் சரிசெய்துகொள்வோம். கோட்டா எவ்வளவு என்று கேட்டால், கணினி வட்டை அளந்து பார்த்துச் சொல்கிறது என்று நினைக்கிறோம். அது அளப்பதே இல்லை. லட்சக்கணக்கான கோப்புகளைக் கேட்கும்போதெல்லாம் கூட்டிக்கொண்டிருந்தால் வேறு வேலை நடக்காது. அதனால் ஒவ்வொரு பயனருக்கும் ஓர் எண்ணை வைத்துக்கொண்டு, இடம் கொடுக்கும்போது கூட்டுகிறது, கோப்பு அழியும்போது கழிக்கிறது. ஒரே ஒரு முறை கழிக்க மறந்தாலும், இரண்டு முறை கூட்டினாலும், அந்தத் தவறு எண்ணுக்குள் அப்படியே தங்கிவிடும். மீதிக் கணக்கு எவ்வளவு சரியாக நடந்தாலும் அது தானாகத் தீராது.

கூட்டுவதும் கழிப்பதும் எளிய வேலைதானே, அதில் எப்படித் தவறு வரும் என்று கேட்கலாம். இடம் கொடுப்பது ஒரே கணத்தில் முடிந்தால் எளிமைதான். லினக்ஸில் பரவலாக உள்ள எக்ஸ்ட்4 கோப்பு முறைமையில் அது இரண்டு கட்டமாக நடக்கிறது. ஒரு நிரல் தரவை எழுதியதும் அது நினைவகத்தில் மட்டும் வைக்கப்படுகிறது. வட்டில் எந்த பிளாக்கில் போய் உட்காரும் என்பது அப்போது முடிவாவதில்லை. பிளாக் என்பது வட்டைப் பிரிக்கும் சிறு கட்டம். பெரும்பாலும் 4096 பைட். வழக்கமான அமைப்பில் ஏறக்குறைய 30 விநாடி பழையதான தரவைத்தான் லினக்ஸின் உட்கருவான கர்னல் வட்டுக்கு அனுப்பத் தொடங்கும். பிளாக் எண் அப்போதுதான் கிடைக்கும். தாமத ஒதுக்கீடு என்பது இதுதான்.

கல்யாணத்துக்கு லாட்ஜில் அறை சொல்லிவைப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். பெண் வீட்டார் பத்து அறை வேண்டும் என்கிறார்கள். மேனேஜர் உடனே அறை எண்களைக் கொடுப்பதில்லை. பத்து என்று குறித்துக்கொள்கிறார். ஆட்கள் வந்து இறங்கியதும், மொத்தம் எத்தனை பேர் என்று தெரிந்த நிலையில், பக்கத்துப் பக்கத்து அறைகளாகக் கொடுக்கிறார். தாமத ஒதுக்கீட்டின் லாபமும் இதுவே: கோப்பு சிதறாமல் தொடர்ச்சியான பிளாக்குகளில் அமர்கிறது. எழுதிய வேகத்தில் அழிக்கப்படும் தற்காலிகக் கோப்புக்கு இடமே தேட வேண்டியதில்லை.

ஆனால் வரம்பை எப்போது சோதிப்பது? பிளாக் கொடுக்கும்போது சோதித்தால் காலம் கடந்துவிடும். எழுதிய நிரல் அதற்குள் முடிந்து போயிருக்கலாம். இடமில்லை என்று யாரிடம் சொல்வது? தரவுதான் தொலையும். ஆகவே எழுதும்போதே சோதித்தாக வேண்டும். அதற்காக 2009இல் லினக்ஸ் 2.6.30 பதிப்பில் கோட்டாவுக்கு இரண்டாவது பத்தி ஒன்று சேர்ந்தது. ஒரு பத்தியில் உண்மையாக எடுத்துக்கொண்ட இடம், மற்றொன்றில் சொல்லிவைத்த இடம். எழுதும்போது இரண்டாவது பத்தி ஏறும். பிளாக் கிடைத்ததும் அந்த அளவு முதல் பத்திக்கு மாறும். அதற்கு முன்பே கோப்பு அழிந்தால் சொல்லிவைத்தது ரத்தாகும். நமக்குக் காட்டப்படும் எண் இரண்டின் கூட்டுத்தொகை.

பிழை நுழைவது இந்த இடமாற்றத்தில்தான். நல்ல உதாரணம் ஒன்றைப் பார்ப்போம். ஒரு நிரல் 1 எம்பி, அதாவது 256 பிளாக் அளவுக்கு எழுதுகிறது, 256 சொல்லிவைக்கப்படுகிறது. வட்டுக்குப் போகும் முன்பே அதே பகுதிக்கு ‘இப்போதே இடம் கொடு’ என்று வேறொரு வழியில் கேட்கிறது. ஃபாலோகேட் என்ற அழைப்பு அதற்கானது. பிளாக்குகள் நேராகக் கிடைத்து, முதல் பத்தியில் 256 ஏறிவிடுகிறது. பிறகு பழைய தரவு வட்டுக்குப் போகும் நேரம் வருகிறது. சொல்லிவைத்த 256ஐ அப்போது வழக்கம்போல முதல் பத்திக்கு மாற்றினால் கணக்கு 512 ஆகிவிடும். இந்த ஒரு சூழலில் மாற்றக் கூடாது. ரத்து மட்டுமே செய்ய வேண்டும். எக்ஸ்ட்4 நிரலில் இதற்கென்றே தனிக் கிளை எழுத வேண்டியிருந்தது.

இன்னொரு சிக்கல், தரவு எங்கே இருக்கிறது என்று குறித்துவைக்கும் குறிப்பு பிளாக்குகள். அவை எத்தனை தேவைப்படும் என்பது முன்கூட்டித் தெரியாது. அதிகமாக மதிப்பிட்டுச் சொல்லிவைத்தால், இடம் இருந்தும் பயனருக்கு மறுப்பு வரும். அதனால் தரவுக்கு மட்டும் சொல்லிவைத்து, குறிப்புகளுக்கு உண்மையில் ஆனதைப் பின்னால் ஏற்றுவது என்று முடிவாயிற்று. வரம்பைச் சிறிதளவு தாண்ட நேரலாம் என்று தெரிந்தே செய்த ஏற்பாடு அது.

இனிப் பிழையைத் தேடுவோம். முதலில் ஒப்பீடு நியாயமாக இருக்க வேண்டும். டியூ கட்டளை நாம் காட்டும் அடைவை மட்டும் கூட்டுகிறது. கோட்டா அந்தக் கோப்பு முறைமை முழுவதிலும் அந்தப் பயனருக்குச் சொந்தமான எல்லாவற்றையும் சேர்க்கிறது. பெயர் அழிக்கப்பட்டாலும் ஏதோ ஒரு நிரல் திறந்தே வைத்திருக்கும் கோப்பும் கோட்டாவில் இருக்கும், டியூவில் இராது. ஆகவே சோதனையை வெற்றுக் கோப்பு முறைமையில், ஒரே பயனரை வைத்துச் செய்வது நல்லது.

அங்கே சிங்க் கட்டளை கொடுத்து, நிலுவையில் உள்ளதையெல்லாம் வட்டுக்கு அனுப்புவோம். வேறுபாடு மறைந்தால் அது பிழையல்ல, வெறும் தாமதம். மறையாவிட்டால் கோப்பு முறைமையைக் கழற்றி மீண்டும் மவுண்ட் செய்வோம். சொல்லிவைத்த பத்தி நினைவகத்தில் மட்டுமே வாழ்வது, வட்டில் எழுதப்படுவதில்லை. ஆகவே இப்போது வேறுபாடு போய்விட்டால், எங்கோ சொல்லிவைத்ததை ரத்து செய்ய மறந்திருக்கிறார்கள். அப்போதும் நின்றால் முதல் பத்தியே கெட்டிருக்கிறது: இரண்டு முறை ஏற்றியிருக்க வேண்டும், அல்லது கழிக்கத் தவறியிருக்க வேண்டும். தேட வேண்டிய நிரல் பகுதி இவ்வளவிலேயே பாதியாகச் சுருங்கிவிடுகிறது.

தாமத ஒதுக்கீட்டை நிறுத்தும் நோடெல்அலாக் விருப்பத்தோடு மவுண்ட் செய்து அதே வேலையை மீண்டும் செய்வது அடுத்த அடி. பிழை காணாமல் போனால் சந்தேகம் இரண்டு பத்திகளுக்கு நடுவே குவிகிறது. கர்னல் பதிவையும் பாருங்கள். சொல்லிவைத்ததைவிட அதிகமாக எடுக்கவோ ரத்து செய்யவோ முயன்றால், எக்ஸ்ட்4 அந்தக் கோப்பின் அடையாளமான ஐநோடு எண்ணோடு எச்சரிக்கை எழுதும். எந்தக் கோப்பு என்று தெரிந்தால், அதை எந்த நிரல் எந்த வரிசையில் தொட்டது என்று பின்தொடரலாம். எழுது, நீட்டு, வெட்டு, அழி என்று வரிசையில் ஒவ்வொன்றாக நீக்கிக்கொண்டே போனால், பிழையை வரவழைக்கும் மூன்று நான்கு செயல்கள் மிஞ்சும்.

எல்லாவற்றையும் உண்மையாகவே எண்ணிப் பார்த்துக் கணக்கைத் திருத்தும் கோட்டாசெக் கருவி இருக்கிறது. பயனர் காத்திருக்கிறார் என்றால் அதை ஓட்டத்தான் வேண்டும். ஆனால் ஓட்டும் முன் பழைய எண்ணைக் குறித்துவைத்துவிடுங்கள். திருத்தியதும் தடயம் அழிந்துவிடும். காரணமான நிரல் வரி மட்டும் அப்படியே இருக்கும். பழைய எண்ணிலிருந்து புதியதைக் கழித்து வரும் பிளாக் கணக்குதான், அந்த வரியைத் தேடிப் போகிறவருக்கு நீங்கள் கொடுக்கக்கூடிய முதல் துப்பு.