உங்களுக்குத் தெரியுமா? துருவுக்கு இரையாகாத பிரேக் குழாய்

கனடாவிலும் அமெரிக்காவின் வட மாநிலங்களிலும் பனிக்காலந்தோறும் சாலைகளில் தூவப்படும் உப்பு, வாகனங்கள் வழுக்காமல் காக்கும் உபகாரத்தோடு நில்லாமல், பழைய கார்களின் அடிப்பாகத்தில் ஈரத்துடன் ஒட்டிக்கொண்டு, பின்சக்கரங்களை நோக்கி நெடுந்தூரம் செல்லும் எஃகு பிரேக் குழாய்களை, விசேஷமாக அவை கிளிப்புகளுக்குள் மறைந்திருக்கும் இடங்களில், கண்ணுக்குத் தெரியாமலே அரித்துவிடுகிறது.

வீட்டிலேயே குழாய் மாற்ற முனைவோர் பலர் இன்று நாடுவது, செம்பில் சுமார் 10 சதவீதம் நிக்கல் கலந்த உலோகக் குழாயை. ஸ்வீடனின் வோல்வோ நிறுவனம் 1970-களிலேயே தன் கார்களில் கைக்கொண்ட இவ்வுலோகம், உப்பை எதிர்த்து நிற்பதோடு, கையாலேயே வளைக்குமளவு இணக்கமான சுபாவமும் உடையது. தனிச் செம்போ அதிர்வுகளால் நாளடைவில் இறுகி விரிசல் காணும். அதை நாடுவது அபாயம்.

இணைப்புக்காகக் குழாயின் நுனியை ஒருமுறை விரித்தால் போதாது. விரிந்த விளிம்பை உட்புறமாக மடித்து இருமடங்கு கனமாக்கும் ‘டபுள் ஃபிளேர்’ முறையே பெரும்பாலான கார்களுக்கு உரியது. தண்ணீர்க் குழாய்களுக்கு இடும் கம்ப்ரெஷன் இணைப்புகளை, எவ்வளவு சுலபமாகத் தோன்றினும், இங்கே பிரயோகிக்கவே கூடாது. புதுக் குழாயைப் பொருத்தியபின் உள்ளே தங்கிய காற்றைப் பிரேக் திரவத்துடன் வடித்து அகற்றவேண்டும். ஏனெனில் திரவம் அநேகமாக அமுங்காது, காற்றோ அமுங்கிவிடும். அதனால் மிதித்த பலம் சக்கரத்தைச் சேராமல், பெடல் மெத்தென்று தரைவரை இறங்கும்.